மோர் கொடுத்த கை

தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று மாதாவின் பிறப்புப் பெருவிழாவோடு நிறைவுறும் திருவிழாவுக்காக, காவி உடுத்திய மக்கள் சிறு சிறு சப்பரங்களை இழுத்துக்கொண்டு இந்தச் சாலையில் இரவும் பகலும் நடப்பார்கள். எங்கள் பங்கு ஆலயத்திலிருந்து புறப்பட்ட குழுவோடு நானும் ஓர் ஆண்டு வெறுங்காலோடு நடந்தேன்.

வழியில் யாரோடும் வீண்பேச்சுப் பேசுவதில்லை, நடக்கும் நேரமெல்லாம் 53 மணிச் செபமாலை சொல்வது என்று நேர்ந்துகொண்டிருந்தேன். மூன்று நாளும் அதைக் காப்பாற்றினேன். இரண்டாம் நாள் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்தபோது, பையிலிருந்த பழைய நீல லுங்கியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மணியை விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடர்ந்தேன். சாலையோரப் பந்தல்களில் சோறும் தண்ணீரும் நீர்மோரும் கொடுத்தவர்கள் பலர். அவர்களில் மாதாவின் பெயரைத் தவிர எங்கள் மறையைப் பற்றி வேறொன்றும் அறியாதவர்களும் இருந்தார்கள். நான் கையை நீட்டினேன், வாங்கினேன், குடித்தேன், நடந்தேன்.

கொடியேற்றத்துக்கு மறுநாள் வேளாங்கண்ணியை அடைந்து, பேராலயத்தில் மாதாவைக் கண்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நடுத்திட்டுச் சிற்றாலயத்துக்குச் சென்றேன். அந்த இடத்தின் வரலாற்றைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். நடக்க இயலாத ஓர் ஏழைச் சிறுவன் அங்கே மர நிழலில் அமர்ந்து மோர் விற்றுக்கொண்டிருந்தான் என்றும், கையில் குழந்தையோடு வந்த அன்னை தம் மகனுக்காக அவனிடம் மோர் கேட்டார் என்றும், அவன் கொடுத்தான் என்றும், நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவரிடம் செய்தி சொல்ல அன்னை அவனை அனுப்பியபோது அவன் கால்கள் நலம்பெற்றன என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். இத்தனை காலமும் அந்தக் கதையில் நான் நலம்பெற்ற கால்களைத்தான் பார்த்திருந்தேன். அன்று, மோர் என்ற சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. முந்தைய நாள் நண்பகலில் கீழ்வேளூருக்கு அருகே ஒரு பந்தலில் நானும் மோர் வாங்கிக் குடித்திருந்தேன். அதைக் கொடுத்தவர் ஆணா பெண்ணா, சிறியவரா முதியவரா என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. குவளையின் குளிர்ச்சி நினைவிருந்தது, மோரில் கிடந்த கறிவேப்பிலை நினைவிருந்தது, முகம் மட்டும் இல்லை. வாயில் அருள்நிறை மரியே செபம் ஓடிக்கொண்டிருக்க, மாதா நின்று பேசிய இடத்தில் நான் நில்லாமல் கடந்து வந்திருக்கிறேன்.

வேளாங்கண்ணியிலேயே உள்ள மாதா குளத்தின் வரலாறும் இதைப் போன்றதே. எசமானுக்குப் பால் சுமந்து சென்ற சிறுவனிடம் அன்னை தம் குழந்தைக்காகப் பால் கேட்டார். விண்ணரசிக்குப் பாலுக்கோ மோருக்கோ என்ன குறை? எல்லாரும் வாங்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் போகும் பிள்ளைகளிடம் அவர் முகம் பார்த்துக் கேட்டார் என்பதே எனக்கு அந்த இரண்டு காட்சிகளின் உயிர் என்று படுகிறது.

அன்றிரவு, மணல் பாதையில் மண்டியிட்டு நகரும் மக்களைப் பார்த்தபடி, லூக்கா நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சாகும் தறுவாயிலிருந்த யாயிரின் மகளைக் காண இயேசு விரைகிறார். கூட்டம் நெருக்குகிறது. 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண், யாருக்கும் தெரியாமல் அவருடைய ஆடையின் ஓரத்தைத் தொடுகிறாள். தம்மைத் தொட்டது யார் என்று இயேசு கேட்க, இத்தனை பேர் நெருக்கும்போது இப்படிக் கேட்கலாமா என்ற பொருளில் பேதுரு பதில் சொல்கிறார். பேதுருவின் கண்ணுக்கு அது கூட்டம். ஆண்டவருடைய கண்ணுக்கு அதில் ஒருத்தி இருந்தாள். அவசரமான பயணத்தின் நடுவில், அவள் நலம்பெற்ற பின்பும், அவளைப் பார்ப்பதற்காகவே அவர் நின்று, எல்லார் முன்னிலையிலும் ‘மகளே’ என்று அழைக்கிறார். இதே நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரும் ஏழை இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ எழுதப்படவில்லை. தன் வாயிலிலேயே கிடந்தவனை அவர் பாராமல் இருந்தார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு அன்றிரவு தூக்கம் தரவில்லை.

நேர்ச்சைகளைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. செபமாலையைத் தொடர்ந்து சொல்லியே வருகிறேன். ஆனால் விடிந்ததும், மூன்று நாளும் எனக்கு இரண்டடி முன்னால் தென்னங்கன்று ஒன்றைத் தோளில் சுமந்து நடந்த பெரியவரிடம் சென்று, அவர் பெயரைக் கேட்டேன். பல ஆண்டுகள் குழந்தையில்லாதிருந்த மகளுக்கு ஆண்குழந்தை பிறந்ததற்காக அந்தக் கன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். பிறகு, “முட்டி தேஞ்சு போச்சு தம்பி, விழுந்தா பின்னாடி வர்றவங்க யாராவது தூக்கிவிடுவாங்கன்னுதான் முன்னாடியே நடந்தேன்” என்றார். அவர் தாங்கித் தாங்கி நடந்ததை நான் பார்த்திருக்க வேண்டும். என் கண் மணிகளில் இருந்தது.

திரும்பும்போது குழுவினரிடம் சொல்லிவிட்டுக் கீழ்வேளூரில் பேருந்தை விட்டு இறங்கி, வந்த வழியே சற்றுத் தூரம் நடந்தேன். கீற்றுப் பந்தல் அப்படியே இருந்தது. பானைக்குப் பின்னால் ஓர் அம்மா, நெற்றியில் திருநீற்றோடு, அடுத்து வந்த காவிக் கூட்டத்துக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் கடந்த பின் அருகே சென்று, “அம்மா, மூணு நாளைக்கு முன்னாடி இங்க மோர் குடிச்சேன்” என்று தொடங்கினேன். அவர் என் முகத்தையும் காலையும் பார்த்தார்.

“நீலத் துணி கட்டியிருந்த தம்பிதானே? புண்ணு ஆறிடுச்சாப்பா?”