பேஜ்மேக்கரின் பிறந்த வீடு

போன ஆடியில் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. பார்க்க வந்த பையன் மூடியைக் கழற்றி, மதர்போர்டில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கெல்லாம் இனி போர்டு கிடைக்காது" என்றான். வந்துபோன கூலி 200 ரூபாய். அந்தப் பெட்டிக்குள் விண்டோஸ் எக்ஸ்பி, எக்ஸ்பிக்குள் பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான பேஜ்மேக்கர் 7, பேஜ்மேக்கருக்குள் என் 20 வருடப் பிழைப்பு.

மதுரையில் 1999-இல் டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை, போட்டவள் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் தலவரலாறு, கண்ணீர் அஞ்சலி, யாரும் வாங்காத கவிதைத் தொகுப்பு என்று எல்லாம் இந்தக் கை வழியாகப் போனவைதான். கொரோனாவுக்குப் பிறகு கடையைக் காலி செய்துவிட்டேன். இப்போது வீட்டில் புரூஃப் பார்ப்பதோடு சரி. அதனால் பெட்டி போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஐயா போன் செய்தார். மேலூர்ப் பக்கத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 2004-இல் அவருடைய நாட்டுப்புறப் பாடல் தொகுப்பை நான்தான் வடிவமைத்தேன். டெம்மி அளவு, 208 பக்கம், ஃபாரத்துக்கு 16 பக்கம் என்று சரியாக 13 ஃபாரம். "ஏம்மா, புத்தகத் திருவிழாவுக்குள்ள மறுபதிப்பு போட்றணும். மூணே மூணு இடத்துல திருத்தம், ஒரு புது முன்னுரை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! குறுந்தகடு என்னிடம் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை. இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் வைத்திருக்கும் தோழியிடம் கேட்டேன். பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்போடு முடிந்துபோனது, அவளிடம் இருப்பது புதியது. மறுபடியும் தட்டச்சு செய்யலாம்தான். ஆனால் அந்தப் பாடல்களில் பாதி வட்டார வழக்கு. ஒரே வரிக்கு மூன்று ஊர்ப் பாடபேதம், அடிக்குறிப்பு வேறு. அன்றைக்கு ஐயா மூன்று மாதம் உட்கார்ந்து புரூஃப் பார்த்தார். திரும்ப அடித்தால் பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும்.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே கம்ப்யூட்டர் மகனுடைய மேக்புக் ஏர். எம்1 சிப், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, கல்லூரி சீனியரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோவையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவனிடம், "இதுல விண்டோஸ் ஏத்த முடியுமாடா?" என்று கேட்டேன்.

"எந்த மாதிரிம்மா?" என்றான். மாதிரி வேறு இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். இருந்தது.

முதலாவது, ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளம் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது. 2006-இல் ஆப்பிள் கொண்டுவந்த பூட் கேம்ப் அதற்குத்தான். அப்போது மேக்குக்குள் இருந்தது இன்டெல் சிப். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்தது, அந்த வரிசை மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. இரண்டாவது, மேக்குக்குள்ளேயே கற்பனையாக ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி அதில் விண்டோஸை ஏற்றுவது. பேரலல்ஸ், விஎம்வேர் ஃபியூஷன், யூடிஎம் எல்லாம் இந்தக் குடும்பம். ஆனால் விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் ஒதுக்க வேண்டும். இருப்பதில் பாதி நினைவகம், கால்வாசி வட்டு! 2001-இல் வந்த ஒரு மென்பொருளுக்காக இத்தனையுமா? ஒண்டுக்குடித்தனத்துக்கு மாடி கட்டின மாதிரி இருக்கும்.

"அப்ப ஒயின்தான்ம்மா. புது பாட்டில் ஒண்ணு திறந்து அதுல போட்டுப் பாக்கலாம்" என்றான். கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

ஒயின் என்பது, விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டுவதற்காக 1993-இல் தொடங்கிய இலவச மென்பொருள். மறு வருடத்திலிருந்து அலெக்ஸாண்டர் ஜூலியார்டு என்பவர் அதை முன்னின்று நடத்திவருகிறார். பதிப்பு 1.0 வெளியானது 2008-இல். 15 வருடம்! எங்கள் ஐயாவையும் தோற்கடிக்கிற புரூஃப் ரீடர்கள். அதையே மேக்கில் நோகாமல் போட்டுத் தருகிற விற்பனைப் பதிப்பு கிராஸ்ஓவர். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக அது ஒதுக்குகிற குட்டி விண்டோஸ் அறைக்குத்தான் பாட்டில் என்று பெயர். வாங்குவதற்கு முன் 14 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். எனக்கு அந்த 14 நாள் போதும் என்று கணக்குப் போட்டேன்.

ஒயின் எப்படி வேலை செய்கிறது என்று மகன் சொன்னது முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பாமினி எழுத்துருவை நினைத்துக்கொண்டேன், பிடிபட்டுவிட்டது. பாமினியில் தமிழ் என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. கோப்பில் பதிவாவது அந்த ஆங்கில எழுத்துகள்தான். பேஜ்மேக்கருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஏதோ அர்த்தமில்லாத ஆங்கிலத்தை அடுக்குவதாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜே-யின் இடத்தில் 'த' வடிவத்தை வைத்துத் திரையில் தமிழ் தெரியச் செய்வது எழுத்துரு. ஒயினும் அப்படித்தான். ஒரு ஜன்னலைத் திற, கோப்பைப் படி, கோடு போடு என்று மென்பொருள் விண்டோஸைக் கூப்பிடும் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும், விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒயின் நின்றுகொண்டு மேக்கை வைத்து வேலையை முடித்துக் கொடுக்கிறது. கூப்பிட்டவர் விண்டோஸ் வீட்டில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்.

இதற்கும் அடியில் இன்னொரு மாற்றம் நடக்கிறது. பேஜ்மேக்கர் இன்டெல் சிப்புக்கு எழுதப்பட்டது. அந்தக் கட்டளைகளை எம்1-க்குப் புரிகிறபடி மாற்றித் தருவது ஆப்பிளின் ரொசெட்டா. இப்படி இரண்டு கை மாறி வந்தும், என் பழைய பெட்டியைவிட வேகமாகத் திறந்தது பேஜ்மேக்கர். அந்தச் சாம்பல் நிறக் கருவிப்பெட்டியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஐயாவின் கோப்பைத் திறந்ததும் எழுத்துருக்களைக் காணோம், எதை வைத்து ஈடுகட்டட்டும் என்று கேட்கும் பட்டியல் வந்தது. அதில் தவறிப்போய் சரி என்று அழுத்தினால் 208 பக்கமும் ஒன்றுமே புரியாத ஆங்கிலமாகிவிடும். மூடிவிட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, எழுத்துருக் கோப்புகளை எடுத்து, பாட்டிலுக்குள் இருக்கும் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற அடைவில் போட்டேன். மறுபடி திறந்தபோது முதல் பக்கத்துத் தாலாட்டு அப்படியே இருந்தது, வரி உடைந்த இடம்கூட மாறவில்லை.

எழுத்துரு வந்துவிட்டது, தட்டச்சுதான் வரவில்லை. புத்தகத்தின் உடல் எழுத்து, அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளோடு வந்தது. அதன் விசைப்பலகை வேலை செய்ய, கம்ப்யூட்டரின் பின்னால் டாங்கிள் என்ற பூட்டைச் செருகியிருக்க வேண்டும். அந்தப் பூட்டைப் படிக்கும் டிரைவர் இயங்குதளத்தின் அடிவயிற்றில், கெர்னலில், போய் உட்காருகிற வகை. ஒயினில் விண்டோஸ் கெர்னலே இல்லையே, எங்கே போய் உட்காரும்? பேரலல்ஸ் வழியில் போயிருந்தாலும் இதே கதைதான். எம்1-இல் ஓடுவது இன்டெல்லுக்கான விண்டோஸ் அல்ல, எம்1-இன் சிப் இனமான ஏஆர்எம்முக்கு எழுதிய விண்டோஸ். சாதாரண இன்டெல் மென்பொருளை அது மாற்றி ஓட்டிவிடும், ஆனால் கெர்னல் டிரைவர் மட்டும் ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். 20 வருடத்துக்கு முந்தைய பூட்டுக்கு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

மகன் இதைக் கேட்டதும் பெருமூச்சு விட்டான். நண்பர்களோடு ஆன்லைனில் சுட்டு விளையாடும் ஓர் ஆட்டம் மேக்கில் ஓடவில்லை என்று அவன் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறான். காரணம் இதுதானாம். கள்ள ஆட்டம் ஆடுபவர்களைப் பிடிக்கும் காவல்காரன் கெர்னலில்தான் உட்காருவேன் என்கிறான். என் பூட்டுக்கும் அவன் காவல்காரனுக்கும் ஒரே இடத்தில் சிக்கல் என்று தெரிந்ததும், எங்களுக்குள் திடீரென்று ஓர் ஒற்றுமை வந்துவிட்டது.

அதனால் மூன்று திருத்தங்களையும் ஈய எழுத்துக் காலத்து வழியில் செய்தேன். வேண்டிய எழுத்து வேறு பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து நகல் எடுத்து வந்து ஒட்டினேன். 'ஞெ' வேண்டியிருந்தது. 143-ஆம் பக்கத்து ஒப்பாரியில் ஒரு 'ஞெகிழி' கிடைத்தது. 11 சொற்களுக்கு ஒரு மாலைப்பொழுது போனது. முன்னுரையைப் பாமினியிலேயே அடித்துவிட்டேன், அதற்கு எந்தப் பூட்டும் வேண்டாம். ஐந்து வருடமாகத் தொடாவிட்டாலும் விரல்களுக்கு எல்லா விசையும் ஞாபகம் இருந்தது. முன்னுரைக்கு வேறு எழுத்துரு வைத்தது நன்றாக இருக்கிறது என்று ஐயா பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இடையிடையே மெஷின் எனக்குக் கிடைக்காது. மகன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் 2019 மறுபதிப்பை இன்னொரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறான். அது விண்டோஸின் படம் வரையும் முறையான டைரக்ட்எக்ஸ் வழியாகக் கேட்கும் படங்களையெல்லாம் ஆப்பிளின் முறையான மெட்டலுக்கு மாற்றியாக வேண்டும் என்பதால், விசிறியே இல்லாத அந்த மடிக்கணினி ஆப்பச்சட்டி மாதிரி சுடும். 2022-இல் வந்த கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் ஒரு தனிப் படை. ராஜேந்திர சோழன் பேரில் ஒரு போர்த் தொடரே இருக்கிறது. அவர்களுடைய பெரிய கப்பலுக்குப் பெயர் திரிசடை. அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன புண்ணியவதியைக் கொண்டுபோய் அம்பு விட வைத்திருக்கிறான் என் பையன்.

கடைசிக் கட்டம் அச்சகத்துக்குப் பிடிஎஃப் கொடுப்பது. பேஜ்மேக்கரில் பழைய வழி, அச்சிடும் கட்டளையைத் தாளுக்கு அனுப்பாமல், பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒரு கோப்பாக இறக்குவது. இறக்கினேன். மேக்கில் இருமுறை தட்டினால் திறக்கவில்லை. மேக் இயங்குதளத்தின் 2022-இல் வந்த வெஞ்சுரா பதிப்போடு, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பைத் திறக்கும் வசதியை, மேக்கில் கோப்புகளைத் திறந்து காட்டும் பிரிவியூவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பேஜ்மேக்கர் பிறந்ததே மேக்கில்தான். 1985-இல், சியாட்டிலில் பால் பிரெய்னர்டு நடத்திய ஆல்டஸ் நிறுவனம் அதை வெளியிட்டது மெக்கின்டாஷுக்காக. அதே வருடம் ஆப்பிள் கொண்டுவந்த லேசர்ரைட்டர் பிரிண்டருக்குள் இருந்தது அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டிடிபி. எங்கள் தெருவில் 1999-இல் நான் மாட்டிய போர்டு வரைக்கும் அங்கிருந்து வந்ததுதான். விண்டோஸுக்குப் பேஜ்மேக்கர் 1987-இல்தான் வாழ்க்கைப்பட்டது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது, 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு பேஜ்மேக்கர் கதை முடிந்தது. மேக்குக்கென்று செய்த பேஜ்மேக்கரை இன்றைய மேக்கில் நேரடியாக ஓட்ட வழியில்லை, 2006-இல் வந்த இன்டெல் மேக்குகளிலேயே அது நின்றுபோயிற்று. விண்டோஸ் பேஜ்மேக்கர்தான் ஒயினைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை யாரென்று தெரியாமல், புகுந்த வீட்டுப் பேரைச் சொன்ன பிறகு உள்ளே விட்டதுபோல.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளை மகன் ஏற்றிக் கொடுத்தான். ஒரு வரிக் கட்டளை, 208 பக்கமும் பிடிஎஃப். 14 நாளில் 12-ஆம் நாள் அச்சகத்துக்கு அனுப்பினேன். புத்தகத் திருவிழாவில் ஐயாவின் புத்தகம் எத்தனை விற்றது என்று கேட்காதீர்கள்.

கிராஸ்ஓவரை அப்புறம் காசு கொடுத்தே வாங்கிவிட்டோம், அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. வாங்கின கையோடு இன்னொரு செய்தியையும் அவனே சொன்னான். ரொசெட்டாவை முழுதாக மேக் ஓஎஸ் 27 வரைக்கும்தான் வைத்திருப்போம், அதற்குப் பிறகு பழைய ஆட்டங்களுக்காக ஒரு பகுதியை மட்டும் விட்டு வைப்போம் என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்திருக்கிறது. பழைய ஆட்டங்கள் என்ற கணக்கில் என் பேஜ்மேக்கர் வராது.

அலமாரியில் 64 குறுந்தகடுகள் இருக்கின்றன. யூஎஸ்பியில் செருகுகிற சிடி டிரைவ் ஒன்று வாங்கி, மகன் கோவைக்குப் போவதற்கு முன் தினம் நாலு என்று திறந்து பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று 31-ஆவது. மேலே என் கையெழுத்தில், மார்க்கர் பேனாவில், "கண்ணன் தம்பி கல்யாணம், முருகன் படம் மாற்றவும்" என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன். மாற்றவே இல்லை.