எத்தனை இரவு உங்களோடு இருந்தாள்?

நியூஜெர்சியின் எடிசனில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று, வங்கி வட்டி, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் எண்கள்தான், சரிபார்த்தால் முடிந்தது. பிள்ளைகள் பகுதி வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். நம் ஊர்க் குடும்பங்களில் பாதிக்கு அங்கேதான் ஏதாவது ஒரு கதை இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார். ஹெச்1பி விசா. மனைவியும் இரண்டு பையன்களும் மதுரையில். மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீதுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அப்போது வரி கட்டுபவரைச் சார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் வரிக்குரிய வருமானத்தில் 4,050 டாலர் கழிவு இருந்தது. ஆனால் பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராகவோ அமெரிக்காவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிக்க வேண்டும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. "எங்க டீம்ல இருக்கிற மெக்சிகோக்காரர் ஊர்ல இருக்கிற பிள்ளைக்குப் போடுறார் மேடம். என் பசங்களுக்கு ஏன் கிடையாது?" என்று கேட்டார். சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ரசீதுகளை ஒவ்வொன்றாக அடுக்கி மறுபடி ரப்பர் பேண்ட் போட்டார். 2018-லிருந்து அந்தக் கழிவே பூஜ்யமாகிவிட்டது. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது அதிகம் வருவது வேறு விதமான குடும்பங்கள். குழந்தை இங்கேயே பிறந்திருக்கும், அமெரிக்க பாஸ்போர்ட்டும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்கும். வளர்வது மட்டும் ஊரில்.

2025 மார்ச்சில் வந்த ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. இருவருக்கும் ஐடி வேலை, இரண்டு வயதுப் பெண் குழந்தை. பாட்டி விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் பார்த்துக்கொண்டார். அவர் கிளம்பும் நாள் நெருங்கியபோது டேகேருக்கு விசாரித்திருக்கிறார்கள். கேட்ட தொகை அவர்கள் வீட்டு வாடகையை எட்டிப் பிடித்தது. 2024 ஏப்ரலில் பாட்டியோடு குழந்தையையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தை திரும்பி வந்தது டிசம்பர் நடுவில்.

குழந்தையின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். சென்னை விமான நிலையத்தில் குத்திய முத்திரைகள் இரண்டு, உள்ளே போனதற்கு ஒன்று, வெளியே வந்ததற்கு ஒன்று. காலண்டரை வைத்து எண்ணினேன். அந்த வருடம் குழந்தை பெற்றோருடன் இருந்தது 120 நாள்கூடத் தேறவில்லை. பிள்ளைக்காக அந்த வருடம் இருந்த 2,000 டாலர் வரிச் சலுகை வேண்டுமென்றால் வருடத்தில் பாதிக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும். படிப்பு, நோய், விடுமுறை என்று தற்காலிகமாகப் பிரிந்திருந்த நாளைக் கூடவே இருந்ததாகக் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் எட்டு மாதம் பாட்டி வீட்டில் விட்டதை அதில் அடக்க முடியுமா? எனக்கு மனது ஒப்பவில்லை. எங்கள் அலுவலகத்தில் மூத்தவரிடம் கேட்டேன், அவரும் வேண்டாம் என்றார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது சண்டை போடவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். "தினமும் ராத்திரி பத்து மணிக்கு, அவளுக்கு அது காலை நேரம், வீடியோ கால்ல நான் கதை சொல்லித்தான் அக்கா, அவ பாட்டி இட்லி ஊட்டுவாங்க. இது கூட இருந்த மாதிரி இல்லையா?" கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2,000 போனாலும் வேறொரு வழி இருந்தது. கூடவே வசிக்காவிட்டாலும், குழந்தை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள் என்பதால், செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் செய்திருந்தால் உறவினர் என்ற வகையில் சார்ந்திருப்பவராகக் காட்டலாம். தாத்தா, பாட்டிக்கு அமெரிக்காவில் வருமானமும் இல்லை, வரியும் இல்லை. அதனால் அவளைத் தங்கள் கணக்கில் காட்டி அவர்கள் குறுக்கே வரமாட்டார்கள். அதற்குச் சலுகை 500 டாலர்.

மாதம் 20,000 ரூபாய் அனுப்பியதற்கு ஆதாரம் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, தாத்தா அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. அப்படியே வைப்பு நிதியில் போட்டுவிட்டு, பாலும் மருந்தும் துணியும் தன் பென்ஷனில் வாங்கியிருக்கிறார். செலவழிக்காமல் சேர்த்து வைத்த பணம் பராமரிப்புச் செலவில் சேராது. சரி, வேறு என்ன செலவு செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தோம். கணவர் சம்பளத்தில் குழந்தைக்காக வருடம் முழுக்கப் பிடித்த மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், கிளம்பும் முன் போட்ட தடுப்பூசி, இங்கே இருந்த நாளுக்குச் சாப்பாடும் வாடகையில் பங்கும். இன்னொரு பக்கம் தாத்தா வீட்டுச் செலவு. அவருக்கே போன் போட்டுக் கேட்டார்கள். "பேத்திக்குச் செய்ததுக்கெல்லாம் கணக்கு வைப்பாங்களாம்மா?" என்றார். வற்புறுத்திக் கேட்ட பிறகு தோராயமாகச் சொன்னார். பெற்றோர் பக்கம்தான் தெளிவாகக் கூடியது. 500 போட்டோம்.

வெளியே போய் வேறு யாரிடமாவது 2,000 போட்டு வாங்கிவிடலாம். போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் பின்னால் கேள்வி வந்து, அலட்சியமாகப் போட்டதாக முடிவானால் இரண்டு வருடமும், மோசடி என்றால் பத்து வருடமும் அந்தச் சலுகையைக் கேட்கவே முடியாது. விசாரித்துத்தான் நிரப்பினேன் என்று 8867 படிவத்தில் உறுதி சொல்வது நான். அந்தக் குடும்பம் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறது, கடிதம் ஏதாவது வந்தால் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். 1,500 டாலருக்காக அதை அவர்களுக்குச் செய்ய எனக்கு மனம் வராது. இதை அப்படியே அவர்களிடம் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "இந்த வருஷம் எந்தத் தேதி வரைக்கும் அவ எங்களோட இருக்கணும் அக்கா?"

ஜனவரியிலிருந்து எண்ணி, ஜூலை முதல் வாரம் தாண்டட்டும் என்றேன். போனில் குறித்துக்கொண்டாள். பிறகு அதை அழித்துவிட்டு, "இல்ல, இந்தத் தடவை அனுப்பல. அம்மா ஏப்ரல்ல இங்க வர்றாங்க" என்றாள்.