கிளிக்கைக் காதில் வைத்து வாசிக்க: டிரம்ஸ் கிரேடு தேர்வுக்கும் கச்சேரி மேடைக்கும் சேர்த்துத் தயாராவது

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பிகள் சிலர், டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் கிரேடு தேர்வைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். "மேடையில நல்லாத்தானுங்கண்ணா வாசிக்கறேன், டிராக் ஓடுனா மட்டும் கை தடுமாறுதுங்க" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. டிராக் என்பது நாம் கூடவே வாசிக்கும்படி ஓடவிடும், முன்பே பதிவான இசை. கிளிக் என்பது தாளம் காட்டும் மெட்ரோனோமின் டிக் டிக் சத்தம். வார இறுதியில் கச்சேரி, மற்ற நாட்களில் தேர்வுப் பயிற்சி என்று இரண்டையும் சேர்த்தே ஓட்டியவன் நான். இரண்டுக்கும் முதலில் வேண்டியது, டிராக் நம் காதில் எப்படி விழுகிறது என்பதைச் சரிசெய்து கொள்வது. கை வேகமெல்லாம் அதற்கு அப்புறம்.

தேர்வின் அமைப்பு எளிமையானது. மூன்று பாடல்கள், அதன் பிறகு செஷன் ஸ்கில்ஸ் (தயாரிக்காத இசையை அங்கேயே வாசிக்கும் பகுதி). முதல் இரண்டு பாடல்களுக்குத் தலா 25 மதிப்பெண், குறிப்பிட்ட வாசிப்பு நுட்பங்களைச் சோதிக்கும் டெக்னிக்கல் ஃபோகஸ் பாடலுக்கு 30, செஷன் ஸ்கில்ஸுக்கு 20. 60 எடுத்தால் பாஸ், 75-க்கு மெரிட், 87-க்கு டிஸ்டிங்ஷன். பாடல்களை டிரம்ஸ் இல்லாத பேக்கிங் டிராக்கோடு வாசிக்க வேண்டும். ஆக, 80 மதிப்பெண் டிராக்கோடு ஒட்டி வாசிப்பதில் இருக்கிறது.

வீட்டில் நாம் ஹெட்போனில் டிராக்கைச் சத்தமாக வைத்துப் பழகுகிறோம். நான் தேர்வுக்குப் போன அறையில் டிராக் ஸ்பீக்கரில்தான் வந்தது. பக்கத்தில் நிஜமான டிரம் செட். கிராஷ் சிம்பல் ஒன்று விழுந்தால் அடுத்த ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முழுக்க டிராக் காதில் பாதிதான் கேட்கும். ரைடு சிம்பலில் போகும் கோரஸ் பகுதியில் கிட்டாரும் ரைடும் ஒரே உயரத்தில் கிடந்து ஒன்றையொன்று மூடிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாடலிலும் எதைப் பிடித்துக்கொண்டு போவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். எனக்குப் பெரும்பாலும் பேஸ் கிட்டார்தான் கைகொடுத்தது. கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்ந்து வருவதால் நாம் முந்தினாலும் பிந்தினாலும் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேஸ் நீளமாக இழுக்கும் இடங்களில் கீபோர்டின் ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), ஷேக்கர் போல விடாமல் நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைத் தேடுங்கள். நோட்டுத் தாளில் அந்த இடத்துக்கு மேலே பென்சிலால் "இங்கே பேஸ்", "இங்கே கீஸ்" என்று எழுதியே வைத்திருந்தேன்.

பயிற்சியில் டிராக்கின் சத்தத்தை வாரா வாரம் குறைத்துக்கொண்டே வாருங்கள். டிராக் இருப்பதே சந்தேகம் என்கிற அளவுக்குக் குறைத்தும் ஒரு பாடலை முடிக்க முடிந்தால், தேர்வு அறை எப்படி இருந்தாலும் சமாளிக்கலாம். கிளிக் பயிற்சியும் இதே போலத்தான். முதலில் நாலு அடிக்கும் கிளிக், அடுத்து 2, 4-இல் மட்டும், பிறகு பாருக்கு ஒன்று. கடைசியில் இரண்டு பார் கேட்டு, இரண்டு பார் மௌனமாக விடும்படி மெட்ரோனோம் ஆப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மௌனம் முடிந்து கிளிக் திரும்பி வரும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பது அப்பட்டமாகத் தெரியும். ஃபில் (பாட்டின் பகுதிகளுக்கு நடுவே வரும் சின்ன அலங்கார வாசிப்பு) வாசிக்கும்போது வேகம் கூடி ஓடுவது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. மௌன பார்களில் வேண்டுமென்றே ஃபில் வைத்துப் பழகுவதுதான் அதற்கு மருந்து. திஸ்ர நடையில் போகும் பாட்டுகளுக்குக் கிளிக்கை மூன்றுக்கு ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு நோட்டுக்கும் கிளிக் விழுந்தால் நடையின் ஆட்டம் போய்விடும்.

சரி, மேடைக்கு வருவோம். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண மண்டப ரிசப்ஷன் எதுவானாலும் டிரம்மர் மெயின் ஸ்பீக்கரை நம்பி வாசிக்கக் கூடாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. மண்டபத்தின் பின்சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால், சத்தம் அதில் பட்டு மேடைக்குத் திரும்ப 117 மில்லிசெகண்டு ஆகும். 128 டெம்போவில் (நிமிடத்துக்கு 128 அடி) ஒரு பதினாறாம் நோட்டின், அதாவது கால் அடியின், நீளமும் அதேதான். எதிரொலியோடு சேர்ந்து வாசிப்பவர் ஒரு நோட்டு பின்னால் நிற்பார். பாடுகிறவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் குழுவின் ஏற்பாடு இதுதான். ஸ்டீரியோ ஃபைலின் இடப்பக்கம் கிளிக்கும் வாய்க் குறிப்புகளும் ("சரணம், மூணு, நாலு"), வலப்பக்கம் டிராக். இரண்டும் தனித்தனி டிஐ பாக்ஸ் (லேப்டாப் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போகும். வலது சேனல் மட்டும் மக்களுக்கு, இரண்டும் டிரம்மரின் காதுக்கு. லேப்டாப்பின் ஹெட்போன் துளை டிரம் சத்தத்துக்கு முன் எடுபடாது. சின்ன ஹெட்போன் ஆம்ப் ஒன்று அவசியம், வால்யூம் திருகு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். "ஏனுங்கண்ணா, கிளிக் பத்துதுங்களா?" என்று சவுண்டு சர்வீஸ் தம்பி கேட்கும்போது தனியாக உட்கார்ந்து தலையாட்டிவிடாதீர்கள். முழுக் குழுவும் வாசிக்கும்போதுதான் பத்துகிறதா என்று தெரியும். பீப் சத்தத்தை விட மரக்கட்டை போன்ற கிளிக் சத்தம் நல்லது. குறைந்த அளவிலும் பாட்டைப் பிளந்துகொண்டு கேட்கும். என் காதில் கிளிக்குக்கு அடுத்த இடம் பேஸுக்கு, அப்புறம் பாடுகிறவர் குரல். மற்றதெல்லாம் கொஞ்சமாக இருந்தால் போதும்.

டிராக்கில் எதை வைப்பது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. வயலின் கூட்டம், கோரஸ், ஷேக்கர் மாதிரி அலங்காரங்கள் மட்டும் இருக்கட்டும். கிக்கையும் பேஸையும் டிராக்கில் ஏற்றினால், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த நேரத்தில் பாட்டே நின்றுவிடும். அலங்காரம் மட்டும் போனால் ஹை-ஹேட்டில் நாலு எண்ணித் தொடரலாம். டிராக்கைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டிரம்மரின் பொறுப்பாக இருக்கட்டும், அதற்கு ஒரு ஃபுட் ஸ்விட்ச் போதும். கூட்டம் கைதட்டியதும் பாடுகிறவர் பல்லவியை இன்னொரு முறை எடுப்பது நம்ம ஊர்க் கச்சேரியின் அழகு. அதைத் தடுக்கவே கூடாது. டிராக் அவருக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் அதை நிறுத்திவிட்டு அவரோடு போக வேண்டும். பம்பையும் உருமியும் சேர்ந்து வாசிக்கும் பாட்டுகளுக்கு நாங்கள் டிராக்கே போடுவதில்லை.

ஃபைலின் சாம்பிள் ரேட்டையும் கவனியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான ஃபைல் 48-ஆக ஓடினால் டெம்போ ஏறுவதோடு சுருதியும் முக்கால் கட்டை அளவுக்கு ஏறிவிடும். போன், டேப்லெட் எதில் ஓட்டினாலும் ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

காது விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம் செட் பக்கத்தில் 100-ஐச் சுலபமாகத் தொட்டுவிடலாம். வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் அல்லது காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இன்-இயர் போட்டால் கிளிக்கைக் குறைவாகவே வைக்கலாம். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு வாசிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கழற்றிய காதில் சிம்பலின் முழுச் சத்தமும் விழும், மறு காதில் வால்யூமைக் கூட்டத் தோன்றும், இரண்டு காதும் கெடும். கூட்டத்தின் சத்தம் வேண்டுமென்றால் மேடை ஓரத்தில் ஒரு மைக் வைத்து அதையும் காதுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

செஷன் ஸ்கில்ஸில் பிளேபேக் (புது இசையைக் கேட்டும் நோட்டேஷனைப் படித்தும் வாசிப்பது), இம்ப்ரொவைசிங் (அங்கேயே கற்பனையாக வாசிப்பது) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மேடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது பிளேபேக். ரிகர்சல் இல்லாமல் புதுப் பாட்டை ஒருமுறை கேட்டு வாசித்த அனுபவம் நேரடியாக உதவும். ஆனால் நோட்டேஷன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

தேர்வு மையத்தில் டிரம் செட் இருக்கும், ஸ்டிக் நாம் கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்ததும் ஸ்டூல் உயரத்தைச் சரிசெய்துவிட்டு, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஒலி அளவைச் சரிபார்க்கச் சொல்லும்போது பாட்டின் மெதுவான தொடக்கத்தை வாசிக்காமல், கிராஷும் ரைடும் உள்ள கோரஸை வாசித்துப் பாருங்கள். அங்கே பேஸ் கேட்கவில்லை என்றால் டிராக்கைக் கூட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.