குடம் தூக்கலாம், டம்பெல் தூக்கக் கூடாதா?

2025 அக்டோபரில் ஆந்திராவில் நடந்த அகில இந்திய போலீஸ் பளுதூக்கும் போட்டியில் டெல்லி போலீஸ் காவலர் சோனிகா யாதவ் 145 கிலோ டெட்லிஃப்ட், அதாவது எடை மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்குவது, போட்டு வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு ஏழு மாதம். அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்ததும் சித்தப்பா "கலி முத்திருச்சு" என்று போட்டார். பெரியம்மாவிடமிருந்து கும்பிடும் கை மட்டும். அம்மாதான், "நம்ம வீட்லயும் ஒருத்தி இப்படித்தான திரிஞ்சா" என்று எழுதியிருந்தாள். அந்த ஒருத்தி நான்.

145 கிலோவெல்லாம் இல்லை. கர்ப்பமாவதற்கு முன்னால் நான் அதிகபட்சம் தூக்கியது 70. ஆனாலும் கோவை சரவணம்பட்டியில் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் இருக்கும் ஜிம்மில் சில வருஷங்களாகவே பார்பெல் பிடித்துப் பழகிய கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோனிகாவும் திடீரென்று ஏழாம் மாதத்தில் போய் அந்தக் கம்பியைப் பிடிக்கவில்லை. வீடியோ பார்த்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். அதுவரை எதுவுமே செய்யாதவர்கள் கர்ப்ப காலத்தில் ஆரம்பிக்கவே கூடாது என்றில்லை. நடை, ரப்பர் பேண்ட், ஒன்றிரண்டு கிலோ டம்பெல் என்று சின்னதாக ஆரம்பிக்கலாம், டாக்டர் சரி என்றால்.

எனக்கு எரிச்சல் வந்தது வேறொரு விஷயத்தில். நான் நெல்லை மாவட்டம் வள்ளியூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அம்மா என்னைச் சுமந்தபோது தெருக்கோடி அடிபம்பில் தண்ணீர் அடித்து இடுப்பில் குடம் வைத்து வந்தவள். நிறைகுடம் எப்படியும் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒருபக்க இடுப்பில், வெறுங்காலில், மேடு பள்ளத்தில். யாரும் தடுக்கவில்லை. "குனிஞ்சு நிமிர்ந்து வேல பாத்தாத்தான் சுகப்பிரசவம்" என்று ஆச்சி பாராட்டினாளாம். அதே அம்மா, நான் எட்டுக் கிலோ டம்பெல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழுவதை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஏட்டி, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு இரும்பத் தூக்குவியா?" என்று கத்தினாள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். அதற்குக் கைதட்டுகிற ஊர்தான். ஆக, பயம் எடையைப் பார்த்து இல்லை. வேலையாக இருந்தால் பரவாயில்லை, தனக்காகச் செய்தால்தான் ஆகாது.

டாக்டரம்மா பதறவில்லை. ஆனால் சும்மா தலையாட்டிவிடவும் இல்லை. ரத்தப்போக்கு உண்டா, கர்ப்பப்பை வாய் நீளம் எவ்வளவு, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதா, பிரஷர் எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "பண்ணலாம்" என்றார். 1985இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு, கர்ப்பிணிகளின் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 140ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்ததாம். 1994இலேயே அதை எடுத்தும் விட்டார்கள். ஆனால் அந்த 140 இன்னும் ஜிம் மாஸ்டர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்யலாம், தசைப் பயிற்சியும் அதில் சேரட்டும் என்று. மிதம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "பேசிக்கிட்டே செய்ய முடியணும். பாட முடியாது, பேச முடியணும்," என்றார். என் கணவர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நான் ஒவ்வொரு முறை எழும்போதும் "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று மாதம் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜிம் ரப்பர் மேட் வாசனை பட்டாலே குமட்டும். போவேன், கொஞ்சம் நடப்பேன், வாந்தி எடுப்பேன், வருவேன். நாலாம் மாதத்திலிருந்துதான் வழிக்கு வந்தது. மல்லாந்து படுத்துச் செய்வதை நிறுத்தினேன். கர்ப்பப்பை கனக்கக் கனக்க, அது முதுகுப்பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்ற வைக்கும் என்பதால் சாய்ந்த பெஞ்சுக்கு மாறினேன். மூச்சை அடக்கித் தூக்குவது எனக்குப் பழகிப்போயிருந்தது. அதை மாற்றுவதுதான் கஷ்டம். எழும்போது வாயால் ஊதிக்கொண்டே எழ வேண்டும். வயிறு முன்னால் வந்ததும் பார்பெல் தொடையோடு ஒட்டி வர இடமில்லை, காலை அகட்டி நடுவில் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) வைத்துத் தூக்கினேன். எட்டாம் மாதத்தில் நாற்காலியிலிருந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும்தான் மிச்சம். ரத்தமோ தண்ணீரோ கசிந்தால், நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், கெண்டைக்காலில் ஒருபக்கம் மட்டும் வலியும் வீக்கமும் வந்தால், வயிறு விட்டு விட்டு இறுகினால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. இதை எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். எனக்காக இல்லை, அத்தையின், அதாவது என் மாமியாரின், நிம்மதிக்காக.

என் குடும்பத்தில் இரண்டு பக்கமும் சர்க்கரை. பயிற்சியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் அதுதான். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அந்த ஒரே குத்துப் பரிசோதனையை நம் நாட்டில் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அதில் ரத்தச் சர்க்கரை 140ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை நோய். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். தசை வேலை செய்தால் இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் இழுக்கும். எனக்கு 140க்குக் கீழேதான் வந்தது. பயிற்சியால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், அக்காவுக்கு ஒன்றும் செய்யாமலே நார்மலாக இருந்தது.

ஹீமோகுளோபின்தான் காலை வாரியது. ஆறாம் மாதத்தில் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்க, வயிறு பெரிதானதால் என்று நினைத்தால், ரத்தம் 9.6. இரும்பு மாத்திரை விழுங்கிய கையோடு பில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தேன், காபி இரும்பைச் சேரவிடாது என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு மத்தியானத்துக்கு மாற்றி, ரத்தம் ஏறும்வரை எடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

வளைகாப்பு முடிந்து இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிரசவம் வரை கழற்றக் கூடாது, உடையவும் கூடாது. ஊருக்கு அம்மா வீட்டுக்குப் போயாயிற்று, ஜிம் கிடையாது. ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பேன். ஒவ்வொரு இழுப்புக்கும் வளையல் மொத்தமாகச் சரிந்து முழங்கைக்குப் போய், திரும்ப மணிக்கட்டுக்கு வரும். சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். கடைசியில் அவளே ஒரு பழைய காட்டன் துண்டைக் கிழித்து இரண்டு கையிலும் வளையலோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டாள். "உடைஞ்சா அபசகுனம். இழுத்துத் தொல." அதற்குப் பிறகு அவள் ஆட்சேபிக்கவே இல்லை.

கடைசியில் ஆபரேஷன்தான். வலி வந்து பல மணி நேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை, அதன் இதயத் துடிப்பு குறைய ஆரம்பித்தது, எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "அவ்வளவு தூக்கியும் ஆபரேஷன்தானா?" என்றார்கள். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். டம்பெல் தூக்கினால் சுகப்பிரசவம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. தூக்கியது எதற்கு என்றால், அதற்கு அடுத்த நாளுக்கு.

சிசேரியனில் வயிற்றுத் தசையைப் பொதுவாக வெட்டுவதில்லை, நடுவில் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் தோல், கொழுப்பு, தசைக்கு மேலுள்ள உறை, கர்ப்பப்பை எல்லாம் வெட்டித் தைத்தவை. நேராக எழுந்து உட்கார முடியாது. முட்டியை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றித் தள்ளி எழ வேண்டும். அந்தத் தள்ளலில் தோளும் கையும் தாங்கிய விதத்தில்தான் சுவரில் செய்த தண்டாலின் பலனை உணர்ந்தேன். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லித் தந்தார். அணைத்தாலும் இன்னொரு சங்கடம், தும்மினால் சொட்டுச் சிறுநீர். இதைப் பற்றி அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னால், "எனக்கு இப்பமும் உண்டே" என்கிறாள். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்!

அடியிடுப்புத் தசைகளுக்கான பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்கிற அமெரிக்க டாக்டர் 1948இல் எழுதினார். இன்னும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே மேலே இழுத்து, சில நொடி பிடித்து, முழுசாக விட வேண்டும். விடுவதுதான் பலரும் செய்யாமல் போவது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது வேறு தொல்லையில் கொண்டுபோய் விடும். நானும் அம்மாவும் ஒரே கட்டிலில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே செய்தோம்.

வயிறு கட்டுவதில் அம்மாவோடு சண்டை. அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து, மூச்சு முட்ட இறுக்கினாள். லேசாகக் கட்டினால் எழும்ப நடக்கத் தெம்பாக இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும், அங்கே ஏற்கெனவே பலம் இல்லை. பேசிப் பேசி இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறங்கி வந்தாள். ஆறு வாரம் கழிந்து டாக்டர் பார்த்ததும், கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, தரையில் மல்லாந்து, முட்டி மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேல் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத் தசைக்கும் நடுவே இரண்டரை விரல் உள்ளே போனது. அடியில் பிசைந்த மாவுபோல மெத்தென்று இருந்தது. அந்த நிலையில் சிட்-அப் போட்டால் நடுவில் கூம்பு போலப் பிதுங்கும். பிதுங்கினால் அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம் என்று அர்த்தம். மூச்சை முழுசாக விட்டு அடிவயிற்றை உள்ளே வாங்குவது, குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குவது, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. பல வாரம் இவ்வளவுதான். ஜிம்மில் கூட வந்த பெண் "இதெல்லாம் ஒரு பயிற்சியா?" என்றாள். வியர்த்து வழிந்தது எனக்கு.

"ஓடியாடினா பால் புளிச்சிரும்" என்று இன்னொரு பயம். மிதமான பயிற்சியால் பாலின் அளவோ தரமோ கெடுவதில்லை என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். முன்கூட்டியே பால் கொடுத்துவிட்டுப் போனால் நமக்குத்தான் சௌகரியம். சாப்பாடுதான் நிஜமான பிரச்சினை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்று ரசம் சோற்றில் அடைத்தால் எங்கிருந்து வரும்? நல்லவேளை, நெல்லைப் பக்கத்துப் பத்தியத்தில் பால் சுறாப் புட்டும் பூண்டும் உண்டு. நான் அதிகம் எதிர்க்கவில்லை.

கோவைக்குத் திரும்பியபின் வீடே கொஞ்சம் மாறியது. பிறக்கும்போது 2.9 கிலோ இருந்த பாப்பா இப்போது ஒன்பதைத் தொடுகிறாள். தூளியிலிருந்து நாள் முழுக்கக் குனிந்து தூக்கிய கணவருக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி. விரலை விரித்து அக்குளில் கொடுத்துத் தூக்கும் தாய்மார்களுக்கு வரும் வலிதான் அது. ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அள்ளச் சொன்னேன், சரியானது. இப்போது 26 கிலோ அரிசிச் சிப்பத்தை முதுகை வளைக்காமல் தூக்க என்னிடம் பாடம் கேட்கிறார்.

அத்தைதான் ஆச்சரியம். அவருக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும், அதனால் பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியவில்லை என்று மனசுக்குள் குறை. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னேன். "எனக்கெதுக்குங் கண்ணு இதெல்லாம்?" என்றவர், தலையணை ஒன்றானதும் ருசி கண்டுவிட்டார். பிறகு தலையணையே இல்லை. அப்புறம் மணைக்கட்டை. போன மாதம் பேத்திக்கு அவரே எண்ணெய் தேய்த்து ஊற்றினார். எழும்போது சுவரைப் பிடித்தார்தான், ஆனால் யாரையும் கூப்பிடவில்லை.

கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செய்ய எங்கள் ஜிம்மில் இடமில்லை. ஆகவே பழைய பார்பெல் ஒன்று வீட்டுக்கே வந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்கிறார். ஜிம் மேட் விலையைக் கேட்டு மலைத்துப்போய், மாட்டுக் கொட்டகைக்குப் போடும் தடித்த ரப்பர் மேட் விசாரித்தேன். அதேபோல கனம், விலை பாதிக்கும் கீழே. ஆர்டர் போட உட்கார்ந்தபோது அத்தை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சேர்த்துப் போடு கண்ணு, அன்னூர்ல என் தங்கச்சி மாட்டுக்கும் ஆகும்" என்றார். நாலாகப் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறது.