ஆங்கிலப் பகுதிக்கு 'லைட்' படித்த விதம்

எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு வேலைக்கான தேர்வு), வங்கித் தேர்வு என்று தயாராகிறவர்கள் முதலில் கேட்பது "வொகாபுலரிக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். எதையாவது வாங்குங்கள், அது பெரிய விஷயமில்லை. பட்டியலை வரிசையாக உருப்போடுவதைவிட, நன்றாகத் தெரிந்த ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் சொந்தபந்தங்களைத் தேடிப் போனது எனக்கு அதிகம் கைகொடுத்தது. அப்படி நான் நெடுநாள் பிடித்துத் தொங்கிய சொல் 'லைட்'.

"லைட்டைப் போடு" என்கிறோம். டீக்கடையில் "லைட்டா ஒரு டீ" என்றும் கேட்கிறோம். முதல் லைட் வெளிச்சம், இரண்டாவது கனமில்லாதது. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக இருப்பதால் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்றே தோன்றும். உண்மையில் இவை பிறப்பிலேயே வேறு வேறான இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் ஒலி தேய்ந்து தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டன. ஜெர்மன் மொழியில் இன்றும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன: வெளிச்சம் 'லிஹ்ட்', கனமற்றது 'லைஹ்ட்'. இந்தப் பிரிவைப் புரிந்துகொண்ட பிறகு நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் வெளிச்ச வீடு, வலப்பக்கம் கனமில்லாத வீடு.

வெளிச்ச வீட்டில் கூட்டம் அதிகம். லத்தீனில் இதன் உறவுகள் 'லக்ஸ்', 'லூமன்'. இரண்டும் அறிவியல் பகுதியில் அளவுகளாக வருபவை. எல்.இ.டி. பல்பு அட்டையில் இத்தனை லூமன் என்று அச்சிட்டிருப்பார்கள், அது பல்பு மொத்தமாகத் தரும் ஒளி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். அங்கிருந்து லூசிட் என்றால் தெளிவான, எலூசிடேட் என்றால் விளக்கிச் சொல்வது, டிரான்ஸ்லூசன்ட் என்றால் ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவது, இலூமினேட் என்றால் ஒளியூட்டுவது. லத்தீனில் நிலவுக்குப் பெயர் 'லூனா', அதுவும் இதே வேர்தான். (லூனா மொபெட்டில் போன தலைமுறைக்கு இது தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.) நிலவின் பிறைகளுக்கேற்ப மனம் பேதலிக்கும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது லூனட்டிக். கிரேக்கத்தில் 'லியூக்கோஸ்' என்றால் வெண்மை. வெள்ளை அணுக்கள் பெருகிய ரத்தத்தை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, 1847-ல் அந்த நோய்க்கு லுக்கீமியா என்று பெயர் வைத்தார். லியூக்கோசைட் என்றால் வெள்ளை அணு.

இன்னொரு உறவுக்காரர் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறார். சமஸ்கிருதத்தில் 'ருச்' என்றால் ஒளிர்தல். அதிலிருந்து வந்த 'ருசி'க்கு முதலில் ஒளி, அழகு என்ற பொருள். பிறகு விருப்பம், அப்புறம் சுவை. நாம் குழம்பு ருசிக்கும்போது சொல்வது அதைத்தான்.

வலப்பக்கத்து வீட்டிலும் நமக்குத் தெரிந்தவர் உண்டு. கனமில்லாதது, எளிது என்ற இரண்டு பொருளிலும் 'இலகு' என்கிறோமே, அது சமஸ்கிருத 'லகு'. ஆங்கிலத்தின் இரண்டாவது லைட்டும் அதுவும் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் இது 'லெவிஸ்'. வலியையோ துயரையோ குறைப்பது அலீவியேட், உயர்த்துவது எலிவேட், விளையாட்டுத்தனம் லெவிட்டி, பாரம் இறக்குவது ரிலீவ். வரி விதிப்பதைக் குறிக்கும் லெவியும் 'தூக்கு' என்ற பொருளின் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. ரயில், பஸ்ஸிலிருந்து இறங்குவதைச் சொல்லும் 'அலைட்' எனக்கு மிகவும் பிடித்தது. குதிரையிலிருந்து இறங்கினால் குதிரைக்குச் சுமை குறையுமில்லையா? அந்தச் சுமைக் குறைப்புதான் இறங்குதல் ஆயிற்று. 'தீப்பற்றிய' என்ற பொருளில் வரும் இன்னொரு அலைட் இடப்பக்கத்து வீட்டைச் சேர்ந்தது. நுரையீரலின் ஆங்கிலப் பெயரான 'லங்'கும் வலப்பக்கம்தான். தண்ணீரில் போட்டால் மிதக்கும் உறுப்பு என்பதால் கனமின்மையை வைத்துப் பெயர். நம் ஆட்களும் அதில் நுரையைப் பார்த்திருக்கிறார்கள்.

மரபுத்தொடர்களை இந்த இரண்டு வீடுகளில் பிரித்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. 'பிரிங் டு லைட்' (வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது), 'இன் த லைட் ஆஃப்' (ஒன்றைக் கருத்தில் கொண்டு) எல்லாம் இடப்பக்கம். 'மேக் லைட் ஆஃப்', அதாவது ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் லேசாகப் பேசுவது, வலப்பக்கம். 'லைட் ஃபிங்கர்டு' என்றால் திருட்டுக்கை. நமக்கு அவனுக்குக் கை நீளம், ஆங்கிலேயருக்கு விரல் லேசு. 'லைட் ஹெடட்' என்பதை மட்டும் தமிழ் வழியாக யோசிக்காதீர்கள். தலைக்கனத்துக்கு எதிர்ச்சொல் போலத் தோன்றும், பணிவு என்று டிக் அடிக்கக் கை போகும். அதன் பொருள் தலை கிறுகிறுப்பது.

இந்த முறையில் ஒரு ஆபத்தும் உண்டு. சேர்ந்து ஒலிப்பதெல்லாம் சொந்தமாகத் தெரியத் தொடங்கும். டிலைட்டுக்கும் லைட்டுக்கும் ரத்த உறவே இல்லை. அது லத்தீன் 'டெலெக்டாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'லைட்'டைப் பார்த்து 16-ம் நூற்றாண்டு வாக்கில் அதற்கும் ஒரு ஜி-எச் ஒட்டிக்கொண்டது. லக்ஷுரி, 'லக்ஸ்'ஸின் பிள்ளையல்ல. லாபகரமான என்ற பொருளுள்ள லூக்ரேட்டிவும் வேறு குடும்பம். சந்தேகம் வந்தால் ஆங்கிலச் சொற்களின் வேரைச் சொல்லும் எடிமான்லைன் தளத்தில் பார்த்துவிட்டே நோட்டில் எழுதினேன்.

சரி, அந்த ஜி-எச் எதற்கு? ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து உரசி வந்த ஒலி அது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் 'லிஹ்ட்' என்பதைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் ஒலி போய் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. நைட், எய்ட், ரைட், டாட்டர் எல்லாமே இதே ரகம். ஜெர்மனில் அந்த இடங்களிலெல்லாம் சி-எச் நிற்கும். ஜெர்மன் படிக்கும் நண்பர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே பல சொற்கள் இலவசம். எழுத்துப்பிழைக் கேள்விகளில் கவனிக்க வேண்டிய ஜோடி: மின்னலைக் குறிக்கும் 'லைட்னிங்'கில் நடுவே 'இ' (e) கிடையாது. 'இ' போட்டு எழுதினால் சுமையையோ நிறத்தையோ லேசாக்குவது என்று பொருள்.

எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டமான டயர் 1-ல் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், தலா 2 மதிப்பெண். தவறான விடைக்கு 0.50 கழியும். முன்பின் பார்த்திராத சொல் வந்தால் வேரை வைத்து இரண்டு விடைகளையாவது தள்ளிவிட முடிந்தால் துணிந்து போடலாம், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். முன்னிடைச்சொல் (பிரபொசிஷன்) கேள்விகளுக்கும் இலக்கணத்துக்கும் இந்த வேர் வேலை துளியும் உதவாது, அதற்கு முந்தைய ஆண்டு வினாத்தாள்கள்தான். ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்கவும் கூடாது. சுவாரசியத்தில் மூழ்கிவிட்டால் கணக்குப் பகுதி அப்படியே கிடக்கும். லைட் இயரைப் பார்த்து நேரத்தை அளப்பது என்று குறித்துவிடாமல் இருக்கவும் கொஞ்சம் மூளை மிச்சம் வேண்டும். அது தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.