ஒரே ஒழுங்கை, இரண்டு பேர்

போன வருசம் எங்கட ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டினம். 120 மீற்றர் வரும். முதல் மாரிக்கே மதகடி பிளந்துபோச்சு. திருத்தச் சொல்லிப் பிரதேச சபைக்குப் போனால், "அது பிரதேச செயலகம் செய்த வேலை ஐயா." செயலகத்தில், "வீதி சபையின்ர, அங்க கேளுங்கோ." இரண்டு கந்தோருக்கும் நடுவில சைக்கிளில் பத்து நிமிசம். நாலுதரம் உழக்கினன்.

அலுத்துப்போய் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில சபைக்கு விண்ணப்பம் போட்டன். மூன்று கிழமை கழித்து ஒரு வரிப் பதில்: அப்படியொரு வீதி எமது பதிவில் இல்லை. அண்டைக்கு எனக்கு வந்த கோபம்! முப்பது வருசமா நடந்து திரியிற ஒழுங்கை.

பிறகு எங்கட விதானையார்தான் பேச்சோட பேச்சாச் சொன்னார்: "சபைக் கொப்பியில அது வாசிகசாலைக் குறுக்கு வீதி. செயலகத்துப் பட்டியலிலதான் வைரவர் கோயில் ஒழுங்கை." எனக்குத் தலை கிறுகிறுத்துது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் இருந்தால், இரண்டு செலவு மதிப்பீடும் இருக்கலாம்தானே?

இந்தமுறை, இந்த ஒழுங்கைக்கு என்ன மதிப்பீடு, வேலை முடிஞ்சுதோ, காசு குடுத்தாச்சோ எண்டு இரண்டு கந்தோருக்கும் ஒரே கேள்வியை, ஒரு சொல்லும் மாத்தாமல் குடுத்தன். இரண்டு பேரையும் எழுதி, தொடங்கிற இடம், முடியிற இடம், கிராம சேவையாளர் பிரிவு இலக்கம் போட்டு, கையால கீறின படமும் வைச்சன். பேரை மட்டும் நம்பாதேங்கோ. "எதுக்கு உங்களுக்கு இது?" எண்டு கேப்பினம், காரணம் சொல்லவேண்டியதில்லை. "வைச்சிட்டுப் போங்கோ" எண்டாலும் திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் அசையாதேங்கோ. பதிலுக்கான 14 வேலைநாளை அதை வைச்சுத்தான் எண்ணலாம். நான் அரைமணித்தியாலம் நிண்டு வாங்கினன்.

செயலகம் பதில் தந்துது. சபை வாயே திறக்கேல்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு பதிவுத்தபாலில போன பிறகுதான் அங்கயிருந்து கடிதம் வந்துது.

இரண்டையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தன். அதே நீளம், அதே அகலம். ஒண்டில வேலை முடிஞ்சு காசும் குடுத்தாச்சு. மற்றதில மதிப்பீடு அங்கீகரிச்சுக் கிடக்கு, வேலை "நடைபெறுகிறது". எங்கட ஒழுங்கையில அண்டைக்கு ஆடு மட்டும்தான் நடந்துது. களவோ கவலையீனமோ, தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. தனித்தனியாப் பாத்தால் இரண்டு கொப்பியும் சரி, அதுதான் வில்லங்கம்.

இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர 1954 தொலைபேசி இலக்கத்துக்கு அடி எண்டு மருமகன் நிண்டான். அதுக்கு முதல் ஒரே கடிதத்தை இரண்டு கந்தோருக்கும் விலாசமிட்டு, இரண்டு பதிலையும் இணைச்சு, கச்சேரிக்கும் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் பிரதி போட்டு அனுப்பினன். ஆர் ஆருக்குப் பிரதி போகுதெண்டு அடியில தெளிவா எழுதுங்கோ. எனக்குக் கைகுடுத்தது அந்த நாலு வரிதான்.

பத்தாம் நாள் இரண்டு பக்கத்து உத்தியோகத்தர்மாரும் அளக்கிற நாடாவோட வந்து இறங்கிச்சினம். இரண்டாவது மதிப்பீட்டை வெட்டுறம் எண்டு எழுத்தில தந்தினம். மதகு இன்னும் அப்பிடியே கிடக்கு. போகேக்க ஒராள் மற்றவரைக் கேட்டார்: "தம்பி, உங்கட நம்பரை ஒருக்காத் தாங்கோ."