வடக்கு ஜன்னலும் வெள்ளை டியூபும்

ஊட்டியில் நம் பள்ளி டிராயிங் அறையின் வடக்கு ஜன்னல் உங்களுக்கு நினைவிருக்கும். ஆயில் பெயிண்டில் முகம் எழுத வடக்கு வெளிச்சமே நல்லது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நேர் வெயில் விழாது, முகத்து நிழல் இடம் மாறாது. லண்டனுக்கு அது சரி. ஊட்டியோ 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த நாலு மாதமும் டிராயிங் மாஸ்டர் மாடலைத் தெற்கு ஜன்னல் பக்கம் மாற்றி உட்காரவைப்பார்.

முதலில் கரிக்கோடு. கண் தலையின் சரிபாதி உயரத்தில் வரும்; முடியை மறந்து நெற்றியைச் சுருக்குபவர்களுக்குக் கண் மேலே ஏறிவிடும். கோடு அமைந்ததும் கரித்தூளைத் துணியால் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வண்ணம் அழுக்காகும்.

அடுத்து பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தை, பெயிண்டை நீர்க்கச் செய்யும் டர்பன்டைனில் மட்டும் கரைத்து, நிழல், நடுத்தரம், வெளிச்சம் என மூன்றே அளவில் முகத்தை அமைப்போம். வெளிச்சத்தைத் துணியால் துடைத்தே எடுக்கலாம். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். இரண்டாம் பூச்சுக்கு டர்பன்டைன் இரண்டு பங்கு, லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஒரு பங்கு. கடைசிப் பூச்சுக்குச் சரிபாதி. இந்த வரிசையை மாற்றக்கூடாது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு மெதுவாகக் காய்ந்து அசைந்துகொண்டே இருக்கும், மேலே முந்திக் காய்ந்த பூச்சு வெடித்துவிடும்.

ஆயில் பெயிண்ட் ஈரம் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. குளிரில் அது மந்தமாகும். ஜூலை மூடுபனிக்குப் பயந்து படத்தை அலமாரிக்குள் பூட்டினால் இரட்டை நஷ்டம்: காய்வதும் தாமதம், இருட்டில் லின்சீட் ஆயில் மஞ்சளும் ஆகும். சுவரோடு ஒட்டிச் சாய்த்தால் கான்வாஸின் முதுகில் பூஞ்சணம் பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விடுவோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீர் டப்பா அதற்காகத்தான் மூலையில் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் நம் தோலின் நிறம். வெளிநாட்டுப் புத்தகத்துச் சூத்திரம் வெள்ளையும் சிவப்பும். அதை வைத்து ஒரு தமிழ் முகத்தை எழுதினால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வரும். டைட்டானியம் வெள்ளை நிறத்தைக் குளிர வைத்து உயிரை எடுத்துவிடும். மாநிறத்துக்கு யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒரு பங்கு என்று தொடங்குங்கள். வெளுப்பாக்க முதலில் ஆக்கரைக் கூட்டுங்கள், வெள்ளை கடைசியில், ஊசிமுனை அளவு. நிழலுக்குக் கறுப்பு டியூப் வேண்டாம். அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் சேர்ந்தால் ஆழமான, உயிருள்ள இருட்டு கிடைக்கும். காது, மூக்கு நுனி, உதட்டுக்குத் துளி அலிசரின் சிவப்பு.

கறுத்த முகத்தின் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மினுங்குவது தோலின் நிறமே இல்லை, ஜன்னலுக்கு வெளியே உள்ள வானம். மூடுபனி நாளில் அது சாம்பல் கலந்த நீலமாக இருக்கும், நிழல் அதற்கு எதிரே வெதுவெதுப்பாகத் தெரியும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் இது புரியும். நீலகிரியில் முகம் எழுதக் கற்றவர்களுக்குக் கிடைத்த வரம் என்று இதைத்தான் சொல்வேன். கண்ணின் வெள்ளையும் வெள்ளை இல்லை. இமை நிழல் விழுந்த சாம்பல்தான் அது. அதைப் பளிச்சென்று விட்டால் முகம் மிரண்டு பார்க்கும்.

படம் முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது வார்னிஷ் அடிக்கக்கூடாது. டர்பன்டைன் தொட்ட துணியால் ஓரத்தில் லேசாக ஒற்றிப் பாருங்கள், வண்ணம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. ஈரக்காற்றில் அடித்த வார்னிஷ் பால்போல வெளுத்துப்போகும். ஜூலையில் தொடங்கிய முகங்கள் சுவரோரம் காத்திருக்க, நம் டிராயிங் அறையில் வார்னிஷ் டப்பாவை பிப்ரவரி வெயிலில்தான் திறப்பார்கள்.